சாருடைய பங்கு

மரணத்தின் முன் எல்லோரும் சமம். நான் சொல்லப்போகும் ஆஸ்பத்திரியில் மட்டும் டைரக்டருக்கு விலக்கு உண்டு.

நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வருகிறபோது வரட்டும்.

உச்சி வேளை. லீவு நாள். ஈ காக்கை இல்லாத பைபாஸ் ரோடு... என் சிநேகிதனின் அண்ணன் பைக்கில் தனியாகப் பறக்கிறார். அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர். அவருடைய சொந்த அக்கா அங்கே ஆபரேஷன் மேஜையில். ரத்தம் நிற்கவில்லை. எந்த ரத்தம் சேரும் என்ற முடிவு டேட்டாபேஸில் மாட்டிக்கொண்டிருக்கிறது. திரையில் வட்டம் மட்டும் சுற்றுகிறது. காகிதத்தில் எழுதும் வழக்கத்தை டைரக்டர் விழா எடுத்து ஒழித்திருந்தார்.

"உன் மெஷின் செத்துப்போச்சுடா!" என்று அத்தான் போனில் கத்தியிருந்தார்.

அங்கே இருப்பது ஒரே ஒரு பெரிய மெஷின். அதற்குள் கூட்டுக் குடும்பம் மாதிரி பல பொய் மெஷின்கள், தொட்டுப் பார்க்க முடியாத வெறும் புரோகிராம்கள். லேப் டேட்டாபேஸுக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று... பிராசஸரும் மெமரியும் பங்கு பிரித்துத்தான். இருப்பதிலேயே பெரிய பங்கு டைரக்டருக்கு. அதை யாரும் தொடக்கூடாது. அவர் போன வருஷமே மாரடைப்பில் போய்விட்டார். பங்கு போகவில்லை. "பெரிய மனுஷன் பேர்ல இருக்கு, நமக்கெதுக்கு வம்பு?" என்று விட்டுவிட்டார்கள்.

அண்ணன் சர்வர் அறையைத் திறந்தார். விசிறிகளின் ஊளை. பூட்டிக் கிடந்த அறைக்குள்... இருமல் மிட்டாய் வாசனை. டைரக்டர் எப்போதும் கன்னத்தில் ஒதுக்கிவைப்பாரே, அதே வாசனை.

ஒரு வருஷமாகச் சும்மா கிடந்த டைரக்டரின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டேட்டாபேஸின் பங்கையும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்தது.

அண்ணன் பங்கைக் குறைத்தார். இறங்கியது... ஏறியது. அணைத்தார். தானாக எழுந்தது. அழித்தே விட்டார். பெயர் மறைந்தது. மூச்சு விட்டு நிமிர்ந்தால்... திரையில் மெஷின் பட்டியலின் தலையில் நிற்கிறது. டைரக்டர் எந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்தார்?

என்ன முணுமுணுக்கிறாய்? "வயரைப் பிடுங்கலாமே"வா? பிடுங்கினால் டேட்டாபேஸும் சேர்ந்து போகும், அறிவுக்கொழுந்தே.

மறுபடி போன். அத்தான் இந்த முறை கத்தவில்லை.

"ஏதாவது பண்ணுடா..."

என்ன பண்ணுவார் பாவம்? சம்பளத்திடமிருந்து, வருகைப் பதிவிடமிருந்து, கேன்டீனிடமிருந்து வழித்து எடுத்த மெமரியையெல்லாம் டைரக்டருக்கே போட்டார். நாற்காலியை விட்டு எழுந்தார். கையைக் கட்டிக்கொண்டார். காலி அறையைப் பார்த்து வாய்விட்டுக் கேட்டார்.

"போதுங்களா சார்?"

விசிறிகள் அடங்கின. அவருடைய முதுகுக்குப் பின்னால்... ஒரு கனைப்பு.

லேப் திரையில் முடிவு வந்தது. ரத்தம் ஏறியது. அக்கா பிழைத்தாள்.

அவள் கண் விழித்தபோது தம்பியைத் தேடியிருக்கிறாள். அவர் சாயங்காலம் வரை சர்வர் அறையிலேயே நின்றுகொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

சார் போகச் சொல்லவில்லை.