முதல் வரி வெர்லீனுடையது

அவைக்குத் தலைமை தாங்கும் போதகர் பர்விஸ் அவர்களே, முன்வரிசையை முந்திவந்து பிடித்துக்கொண்ட பெரியோர்களே, சோளரொட்டியும் கோழி வறுவலும் சுமந்து வந்த தாய்மார்களே, மூன்றாம் நாற்காலியில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் என் அக்காள் மகன் ஹாய்ட் அவர்களே, உனக்கும் சேர்த்தேதான் வணக்கம்.

ஹாய்டின் தங்கை வெர்லீன் தனியாகப் பாடிய முதல் இசைத்தட்டு இன்று வெளிவருகிறது. கன்ட்ரி என்னும் நாட்டுப்புறப் பாட்டு பாதி, ப்ளூஸ் புலம்பல் மீதி. சொல்லும் அவளுடையது, மெட்டும் அவளுடையது. பாராட்டத்தான் வந்தேன். பாராட்ட விடுகிறீர்களா? வாசலிலிருந்து மேடைவரை ஒரே கேள்வி: "அண்ணன் பாடலையா?" ஏன் பாட வேண்டும்? மிசிசிப்பிக் கரைச் சந்தையில் பாடினான், சபை விருந்தில் பாடினான், இவள் கல்யாணத்தன்றுகூட மணப்பெண்ணைப் பக்கத்தில் நிறுத்திப் பாடினான். முதல் வரியை அவன் எடுப்பான். அவன் மெட்டுக்கு அடியில் துணையாக இழையும் கீழ்க்குரலை இவள் கொடுப்பாள். கைதட்டல் அவனுக்கு, கிதார்ப் பெட்டி இவளுக்கு. நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறப்பேனா?

அந்த வளர்ப்பின் வினையைக் கேளுங்கள். ஒலிப்பதிவுக் கூடத்துக்குத் துணைக்குப் போனேன். கண்ணை மூடி முழுப்பாட்டையும் பாடி முடித்தாள். பதிவு செய்பவர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, "நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா மெட்டு எங்க?" என்றார். தான் கட்டிய பாட்டில், தன்னந்தனியாக நின்று, தன் மெட்டை விட்டுவிட்டு, அங்கே இல்லாத அண்ணனுக்குக் கீழ்க்குரல் கொடுத்திருக்கிறாள். அழுவதா, அறைவதா?

"யாருக்குடி காத்துக்கிட்டு நிக்கிற?" என்றேன்.

"மேல போனா அவன் எடத்துல நிக்கிற மாதிரி இருக்கு சித்தி."

"அவன் என்ன, அங்க பட்டா போட்டா வச்சிருக்கான்? ஏறி நில்லு."

ஏறினாள். அந்தக் குரல்தான் இந்தத் தட்டில் இருக்கிறது. ஆனால் அன்று ஹாய்ட் அங்கே இல்லை. இன்று எதிரே உட்கார்ந்திருக்கிறான்.

நம் சபையின் பழக்கம் எனக்குத் தெரியாதா? யார் வாயைத் திறந்தாலும் ஊரே சேர்ந்து பாடும். இன்று வேண்டாம். காலால் தாளம் போடுங்கள். வாயை வறுவலுக்கு வையுங்கள். யாரது பின்னால், வறுவல் தீர்ந்துவிட்டதா என்று கேட்பது? இல்லை, தீரவில்லை, நிறைய இருக்கிறது. ஹாய்ட், உன் உதடு அசைவது இங்கிருந்தே தெரிகிறது. முதல் வரியை நீ எடுத்துக் கொடுத்தால் அவள் கீழ்க்குரலுக்கு இறங்கிவிடுவாள். இறங்கினால் இனி ஏறமாட்டாள்.

இவன்மேல் எனக்கு இன்னும் குறை மிச்சமிருக்கிறது. என்ன சத்தம் அது? கிதாரா? நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், எடுத்துவிட்டாள் முதல் வரியை. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் தொடங்கக் காத்திருந்தவள், என் பேச்சு முடியக்கூடக் காத்திருக்கவில்லை.

இனி நின்றால் எனக்குத்தான் மரியாதை இல்லை. வந்தவர்களுக்கு நன்றி. வாயை மூடியிருப்பவர்களுக்கு வணக்கம்.