இன்டர்நெட்டை அணைத்த பிறகு

ஷமீமா: ...அதனால பதினொரு மணிக்கு எல்லார் போன்லயும் இன்டர்நெட்டை அணைக்கச் சொல்லிட்டேன்.

ஃபாரூக்: வந்த விருந்தாளிங்களையுமா?

ஷமீமா: அவங்களையும்தான். இன்டர்நெட் இல்லாம பிட்காயின் அனுப்பிக் காட்டுறேன்னுதானே வரச் சொன்னேன்? புயல்ல கடலடி கேபிள் அறுந்து, மூணு வாரம் யாருக்கும் காசு அனுப்ப முடியாம தவிச்ச தீவுக்காரங்க அவங்க.

ஃபாரூக்: சாங்கி ஏர்போர்ட் கார்கோவுல பெட்டி தூக்குறவனுக்குப் புரியுற மாதிரி சொல்லு லா.

ஷமீமா: நாங்க நின்ன டன்லப் ஸ்ட்ரீட் மொட்டை மாடியில ஒரு ரேடியோ பெட்டி. தியோங் பாருல, உங்க ஆமினா பீவி மாமி வீட்டு ஜன்னல்ல ஒண்ணு. குவீன்ஸ்டவுன்ல ஒண்ணு. ஒண்ணு வாங்கி அடுத்ததுக்குக் கொடுக்கும். குவீன்ஸ்டவுன்லேருந்து சாட்டிலைட்டுக்கு ஏறும். காசு போய்ச் சேர்ந்ததும் சேதி எங்க மாடி டிஷ்ல இறங்கும்.

ஃபாரூக்: இறங்குச்சா?

ஷமீமா: எங்க... நடுப் பெட்டியில பேட்டரி போயிடுச்சு. மாமிக்கு மாத்தத் தெரியாது. எங்க ஆளுங்க யாரும் அந்தப் பக்கம் இல்ல. மழை வேற. ரெண்டு வருஷ உழைப்பு... விருந்தாளிங்க வாட்சைப் பாக்குறாங்க.

ஃபாரூக்: அழுதியா?

ஷமீமா: டிஷ்ஷைத் துடைச்சிக்கிட்டு நின்னேன்.

ஃபாரூக்: மழையில டிஷ்ஷைத் துடைச்சா... அழுதிருக்க.

ஷமீமா: இருபது நிமிஷத்துல நடுப் பெட்டி திரும்ப வேலை செஞ்சுது. லிஃப்ட் ரிப்பேராம். யாரோ படியேறிப் போய் பேட்டரி மாத்தியிருக்காங்க.

ஃபாரூக்: பதினாலு மாடி... பாவம், யாரோ.

ஷமீமா: தீவுக்காரம்மா தானே பிட்காயினை அனுப்புறேன்னு கேட்டு, பட்டனை அழுத்தினாங்க. கால் மணி நேரம். 'சேர்ந்துடுச்சு'ன்னு டிஷ்ல வந்துச்சு. என் கையப் பிடிச்சவங்க விடல. போகும்போது, எங்க தீவுக்கு வந்து இதைக் கட்டிக் கொடுங்கன்னாங்க.

ஃபாரூக்: ...என் பொண்டாட்டி. நாளைக்குக் கார்கோவுல ஒருத்தன் விடாம சொல்லப் போறேன்.

ஷமீமா: உங்க ஷிஃப்ட் எப்படி இருந்துச்சு?

ஃபாரூக்: எப்பவும் போல... முழங்கால்தான் கொஞ்சம் வலிக்குது.

ஷமீமா: எதனால?

ஃபாரூக்: ...சரி. இன்னிக்கு லீவு போட்டேன். ஏதாவது தேவைப்படும்னு மாமி பிளாக் கீழயே பேட்டரியோட உக்காந்திருந்தேன். அவங்க போன் பண்ணதும் ஏறினேன். உன் நாள், அதுல நான் எதுக்குன்னு சொல்லல.

ஷமீமா: தெரியும். மாமி அடுத்த போன் எனக்குத்தான் பண்ணாங்க. படியேறி பேட்டரி மாத்தினது யாருன்னு விருந்தாளிங்க கேட்டாங்க... என் வீட்டுக்காரர்னு அத்தனை பேர் முன்னாடியும் சொல்லிட்டேன்.