ஆர்லோ தலையசைத்தான்

பூட்ஸைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். சிலையின் களிமண் மாதிரியை நீங்கள் மேசைமேல் வைத்ததும் நான் முதலில் பார்த்தது அதைத்தான். ஆர்லோ பிட்மன் இடது குதிகாலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பான், அந்தத் தேய்மானத்தைக்கூடச் சிற்பி விடவில்லை. முகம்தான் வேறு யாருடையதோ. இவ்வளவு யோசனை அவன் முகத்தில் ஒருநாளும் இருந்ததில்லை.

பீடத்தில் பொறிக்க அவன் வாழ்க்கையைப் பற்றி நாலு வரி கேட்கிறீர்கள். அவனோடு பத்தொன்பது வருடம் ஒரே காரில் மொன்டானா முழுக்கச் சுற்றியவர்களில் நான்தான் மிச்சம். எழுதிக்கொள்ளுங்கள். கோடை முழுவதும் ரோடியோ என்ற முரட்டுக் குதிரைச் சவாரிப் போட்டி, குளிர்காலம் முழுவதும் யாராவது பண்ணைக்காரன் வீட்டு லாயத்தில் படுக்கை. டப்பா பீன்ஸைச் சூடாக்காமல் தின்பான். விலா எலும்பு ஒடிந்தால் சேணத் தோலை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுநாளும் குதிரை ஏறுவான். இதை வீரம் என்று நினைத்துக் கைதட்டிய ஜனங்கள் உங்கள் ஊரில் நிறைய. மருத்துவரைப் பார்க்கச் சோம்பல் என்பது எனக்குத் தெரியும்.

நன்றாகச் சவாரி செய்வான், இல்லை என்று சொல்லவில்லை. அதைவிட நன்றாகப் பேசுவான்.

அந்தச் சாம்பல் குதிரைக் கதையை உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். பனி கொட்டும் நாளில், யாராலும் அடக்க முடியாத குதிரைமேல் ஏறி, அது தானாகக் களைத்து நிற்கும்வரை ஆர்லோ இறங்கவே இல்லை என்று. அந்தச் சவாரி நடந்தது உண்மை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலாம் வருடம், டிசம்பர் மாதம். ஏறியவன் நான். வேலிமேல் உட்கார்ந்து பார்த்த ஒரே ஆள் ஆர்லோ.

"வெர்ன், இதப் பாக்க ஒரு பய இல்லாமப் போயிட்டானேடா!" என்று அன்று கண்கலங்கினான். அடுத்த கோடையில் ஒரு முடிதிருத்தும் கடையில் அதையே தன் கதையாகச் சொன்னான். பக்கத்து நாற்காலியில் முகம் முழுக்கச் சோப்போடு நான் உட்கார்ந்திருந்தேன்.

காரில் வரும்போது கேட்டேன். சிரித்தான். "ஒனக்குக் கதை சொல்ல வராதுடா. நீ சொன்னா குதிரையே தூங்கிரும். நல்ல சரக்கு, வீணாப் போகலாமா?"

நானும் சிரித்தேன். எனக்குப் பெரிய மனசு. அதற்குப் பிறகு பதிமூன்று வருடம் அந்தக் கதையை எல்லா ஊரிலும் கேட்டேன். ஒருகட்டத்தில் பனியின் ஆழம்கூட இரண்டு அடி ஏறிவிட்டது.

எனக்கு இடுப்பு முறிந்த பிறகு கூண்டுக் கதவுக்காரன் ஆனேன். வேலை சுலபம். குதிரைக்குத் திரும்ப இடமில்லாத கூண்டுக்குள் சவாரிக்காரன் மேலிருந்து இறங்கி உட்காருவான். காலை அங்கவடியில் நுழைத்து, கயிற்றை அளந்து பிடித்து, தலையசைப்பான். அசைத்தால் திறக்க வேண்டும், அசைக்காவிட்டால் உலகமே கத்தினாலும் திறக்கக் கூடாது. எங்கள் தொழிலில் வேறு வேதம் கிடையாது.

முப்பத்தெட்டாம் வருடம் ஆர்லோவின் தலை தானாக ஆடத் தொடங்கியது. அத்தனை முறை விழுந்தால் ஆடாமல் என்ன செய்யும்? தொப்பியை ஆழமாக அழுத்திக்கொண்டு சமாளித்தான். தெரிந்தால் போட்டியில் சேர்க்க மாட்டார்கள் என்ற பயம். என்னிடம் மட்டும் வந்து சொன்னான்.

"தலையப் பாக்காத வெர்ன். நான் 'வெளிய'ன்னு வாயால சொன்னாத்தான் தொறக்கணும். யார்ட்டயும் மூச்சு விட்டுராத, என்ன?"

"நான் எதுக்குடா சொல்றேன்?" என்றேன். சொல்லவும் இல்லை. வாக்குத் தவறுவது என் வழக்கமில்லை.

அந்த வருடம் ஜூலை நாலு. அதுதான் கடைசிச் சவாரி என்று அறிவித்திருந்தான். தாழ்ப்பாளுக்குக் காலையிலேயே எண்ணெய் போட்டு வைத்திருந்தேன். எல்லாப் போட்டிக்கும் போடுவேன், அன்று கொஞ்சம் தாராளமாகப் போட்டேன்.

அவனுக்கு வாய்த்த குதிரைக்குப் பாதிரி என்று பெயர். கூண்டுக்குள் முழங்கால் போட்டுவிட்டுத்தான் துள்ளும். ஆர்லோ இறங்கி உட்கார்ந்தான். இடது கால் அங்கவடிக்குள் போய்விட்டது, வலது கால் இன்னும் போகவில்லை. அப்போது ஒலிபெருக்கியில் அறிவிப்பாளன் சாம்பல் குதிரைக் கதையை ஆரம்பித்தான். ஐயாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். ஆர்லோ கயிற்றை விட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றி ஆட்டினான். பிறகு குனிந்து, என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

தொப்பி இல்லாத தலை எல்லோருக்கும் தெரியும்படி ஆடியது. ஒருமுறை ஆடினால் நடுவர் கவனித்திருக்க மாட்டார். மூன்று முறை ஆடட்டும் என்று பொறுத்திருந்தேன். பிறகு கதவைத் திறந்தேன்.

கதவுத் தூணில் ஒருமுறை மோதினான். கீழே விழுந்த பிறகு பாதிரி அவன் நெஞ்சின்மேல் இரண்டு முறை போய்வந்தது. ஜனங்கள் சிலர் அதற்கும் கைதட்டினார்கள், வித்தை என்று நினைத்து. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் அவன் வாழ்நாள் முழுவதும் குதித்தான்.

போர்வையில் கிடத்தினோம். நடுவர் என் சட்டையைப் பிடித்தார். "யோவ், அவன் கயித்தக்கூடப் பிடிக்கலையேய்யா! எப்படித் தொறந்த?"

"தலையசைச்சான். எல்லாரும்தான் பாத்தாங்க" என்றேன்.

ஆர்லோ கண் திறந்தான். பேசினால் வாயில் ரத்தம் வந்தது, ஆனாலும் பேசினான். அவன் பேசாமல் இருப்பானா?

"அவன விடுங்க. நான்தான் அசைச்சேன். வெர்ன் அப்படில்லாம் தொறக்க மாட்டான்."

சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊர் மருத்துவர் வருவதற்குள் முடிந்துவிட்டது. அவன் வார்த்தைக்குமேல் யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை.

'வெளிய' என்று அவன் சொல்லவில்லை. அது அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நான் கொன்றேன் என்பதும் அந்தப் பார்வையிலேயே அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னான். குதிரைக் கதையை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். சாகிற நேரத்திலும் வாய்கூசாமல் சொன்னானே, அந்தப் பொய்யைத்தான் இருபத்து மூன்று வருடமாக என்னால் மன்னிக்க முடியவில்லை.