மிஸ் லொரீனின் நீலப் பாத்திரம்

எங்கள் ஊரில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை. என் மனைவி இறந்த வாரம் பக்கத்து வீட்டு மிஸ் லொரீன் (கணவர் உள்ள மூதாட்டியையும் இங்கே மரியாதைக்கு மிஸ் என்றுதான் சொல்வோம்) நீலக் கண்ணாடிப் பாத்திரம் நிறைய மக்ரோனி கொண்டுவந்தார். அந்த வாரம் நான் சாப்பிட்டது அதை மட்டும்தான்.

நான் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் முதியோருக்கு மருத்துவக் காப்பீடு விற்பவன். எங்கள் பக்கம் முப்பத்தெட்டுத் திட்டங்கள் உண்டு. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் யாரும் மாறிக்கொள்ளலாம். கம்பெனிகள் அடித்துக்கொண்டால் லாபம் வயதானவர்களுக்குத்தானே. மிஸ் லொரீன் மட்டும் எதையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்.

"எனக்கு எதுக்குப்பா முப்பத்தெட்டு? இருக்கறது ஒரு இதயம், அதைப் பாக்க ஒரு டாக்டர். போய் வேற ஆளைப் பிடி, வெண்டல்" என்று சிரிப்பார்.

இத்தனை இருந்தும் ஒருவர் தேர்ந்தெடுக்காமல் இருப்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இலவச மூக்குக்கண்ணாடி என்று சொல்லி, போனில் அவரை 'ஆமாம்' சொல்ல வைத்தேன். திட்டம் மாறுகிறது என்ற வரியைக் கொஞ்சம் வேகமாகப் படித்தேன். புதிய திட்டம் பணம் கொடுக்கும் டாக்டர்கள் பட்டியலில் அவருடைய டாக்டர் இல்லை என்று திரையில் வந்தது. பார்த்தேன். வேறு டாக்டர்கள் இருந்தார்கள்.

ஜனவரியில் கிளினிக்கில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்னைத்தான் கூப்பிட்டார்.

"கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. டாக்டரைத்தான் காணோம். பழசுக்கே போயிட முடியாதாப்பா?"

"அடுத்த இலையுதிர் காலம் வரைக்கும் முடியாது, மிஸ் லொரீன்."

"சரிப்பா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். சாப்பிட்டியா?"

மார்ச் கடைசி வரை ஒருமுறை மாறலாம். எனக்குத் தெரியும். முதல் மூன்று மாதத்துக்குள் ஆள் விலகினால் என் கமிஷனைத் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். அதற்காகத்தான் பொய் சொன்னேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை.

புதிய டாக்டர் ஏப்ரலில் தேதி கொடுத்திருந்தார். மார்ச் பதினெட்டாம் தேதி மிஸ் லொரீன் சமையலறையில் விழுந்தார். அந்த மூக்குக்கண்ணாடியோடுதான் கிடந்தார். அடக்கத்தில் நான் அழுத அளவுக்கு அவர் கணவர் ஹோரஸ்கூட அழவில்லை. சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்க இப்போது ஒருவரும் இல்லை. மனசு ஆறவே மாட்டேனென்கிறது.

பாத்திரத்தை அக்டோபரில்தான் திருப்பிக் கொடுத்தேன். வெறுமையாக இல்லை. ஹோரஸ் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் குறியிட்டு, இந்த ஆண்டின் புதிய திட்டப் படிவத்தை உள்ளே வைத்திருந்தேன். தனியாக இருக்கும் மனிதர், தேர்ந்தெடுக்க ஒரு துணை வேண்டாமா?