வளையல் இல்லாத பொம்மை

விவேக் நகரில் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். கறுப்புச் சுடிதார் போட்ட சின்னவள் சொன்னாள்: "என் கைய எடுத்துக்கிட்டாங்கக்கா."

பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். இரண்டு கையும் மடியில்தான் இருந்தன.

"யாருடி, ஆஸ்பத்திரியிலயா?" என்றாள் பெரியவள்.

"ஆமா. காது கேக்காதவங்களுக்கு டாக்டர் சொல்றத நான்தானே சைகையில சொல்வேன்? நர்ஸுங்க கத்துக்கணும்னு ஒரு மாசம் என்ன கேமரா முன்னாடி நிக்க வெச்சாங்க. இப்போ டிவியில ஒரு கம்ப்யூட்டர் பொம்ம அதையே செய்யுது. திங்கக்கிழமையிலேர்ந்து நான் வேணாமாம். கேட்டா, 'நீங்கதானே மேடம் பேப்பர்ல சைன் போட்டீங்க'ங்கிறாங்க."

"அது உன் கைதான்னு எப்படிடி சொல்ற?"

"ஆரம்பிக்கும்போது நான் வளையல மேல தள்ளுவேன்ல? அதுவும் தள்ளுதுக்கா. அதுக்கு வளையலே இல்ல."

பெரியவள் சிரித்துவிட்டாள். "பேஷண்ட்டுங்க பாக்கலயா?"

"ஒரு அம்மா டிவியப் பாத்து, நீ ஏன் இவ்ளோ இளைச்சிட்டேன்னு சைகையில கேட்டாங்க."

"வேற ஆஸ்பத்திரியில கேட்டுப் பாரேன்."

"போனேன். அங்கயும் அந்தப் பொம்மதான் நிக்குது."



லிங்கராஜபுரம் வந்தது. எழுந்தபோது சின்னவளின் கை தானாக வளையலுக்குப் போனது. பாதியிலேயே நிறுத்தி, கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.