முதல் மனிதருக்குப் படையல்

வரலாற்று நிலையம் நடத்துவதில் பெரிய தொல்லை செருப்புதான் ஐயா. வாசலில் கழற்றிவிட்டு வாருங்கள் என்று எழுதி வைத்தாலும் தாராவிச் சேற்றோடு உள்ளே வந்துவிடுவார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதனால் இந்தியிலும் எழுதி வைத்தேன். அப்படியும் கேட்பதில்லை. சம்பளமில்லாத வேலைக்கு மரியாதை அவ்வளவுதான்.

என் பெயர் கணேசபாண்டியன். வாரநாளில் தோல் கோடவுனில் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமை சங்கத்துச் செயலாளர். திருநெல்வேலிப் பக்கமிருந்து இங்கே வந்து குடியேறியவர்களின் கதைகளையும் பழைய பொருள்களையும் சேர்த்து வைப்பது எங்கள் சங்கத்தின் வேலை. ஒரே அறைதான். ஊரிலிருந்து வந்த டிரங்குப் பெட்டி, தோல் சுரண்டும் கத்தி, தோல் நிறுத்த எடைக்கல். எல்லாவற்றுக்கும் கீழே என் கையெழுத்தில் ஒரு அட்டை இருக்கும்.

பூதத்தானும் எங்களில் ஒருவன். தோல் பதனிடுகிறவன், நல்ல உழைப்பாளி, வாய் மட்டும் ஆகாது. சுட்ட கருவாட்டுக்குக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவான். நாங்கள் சிரித்தால், "வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதாம்வே" என்பான். அப்படிச் சாப்பிடுகிற இன்னொரு ஆளை நான் பார்த்ததில்லை.

அறுபத்திரண்டில், திறப்பு விழாவுக்கு முந்தின நாள், அவனும் நானும் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தோம். இங்கே முதன்முதலில் குடிசை போட்ட தமிழர் என்று என் தாத்தாவின் படத்தை நடுச்சுவரில் மாட்டியிருந்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்களே, அந்தக் கதையாக அவன் ஆரம்பித்தான்.

"அண்ணாச்சி, இது ஞாயமா? எங்க தாத்தா போட்ட குடிசையிலதான ஒங்க தாத்தா வந்து ஒண்டுனாரு? நாளைக்கு மைக்குல நானே சொல்லிருதேன்."

உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் அழைப்பிதழ் அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது. அச்சில் வந்ததை மறுநாளே மாற்றினால் ஒரு சங்கத்தை யார் மதிப்பார்கள்? அவன் குனிந்து நாற்காலியை விரித்துக்கொண்டிருந்தான். எடைக்கல் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. நான் கோபக்காரன் இல்லை ஐயா. அன்றைக்கும் கோபப்படவில்லை.

அறைக்குப் பின்னால் உப்புத்தண்ணீர் ஏறுகிற சேற்று நிலம். தோண்டச் சிரமமில்லை. பூதத்தான் மான்குர்த்தில் ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று பேச்சு வந்தது. அந்தப் பேச்சைத் தொடங்கியவன் நான்தான். அவன் பெண்சாதி ஆறுமுகத்தாய் அழுது ஓய்ந்து, மாட்டுங்காவில் வீட்டு வேலை பார்த்து மகள் பேராச்சியை வளர்த்தாள். ஞாயிறுதோறும் நிலையத்தைப் பெருக்கிக் கொடுக்க அவளாகவே வந்தாள். "அவுக பாடுபட்ட எடமுல்லா அண்ணாச்சி" என்றாள். நானும் தடுக்கவில்லை. அப்படியே இருபது வருடம் ஓடிப்போனது.

போன வருடம் பின்பக்கம் இன்னொரு அறை கட்டுவதென்று சங்கத்தில் முடிவெடுத்தார்கள். நான் ஒருவன்தான் வேண்டாம் என்றேன். கடைக்கால் தோண்டும்போது மண்டையோடும் கையெலும்புகளும் வந்தன. சேற்றில் கிடந்து கரேலென்று இருந்ததால் பிழைத்தேன். எங்கள் தலைவர் மகாதேவன் சார் போலீசுக்குச் சொல்லலாம் என்றார். "நூறு வருடப் பழசு சார், போலீஸ் வந்தால் கட்டட வேலை நின்றுபோகும்" என்றேன். வரலாறு என்றால் அங்கே என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. எலும்புகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, 'இம்மண்ணின் முதல் மனிதர்' என்று அட்டை எழுதினேன். மண்டையில் விரிசல் இருந்த பக்கத்தைக் கீழே வைத்தேன். யோசித்துப் பார்த்தால் நான் அவனுக்கு நியாயம்தான் செய்திருக்கிறேன். தாத்தாவுக்குக் கேட்ட இடம் அவனுக்கே கிடைத்தது.

அன்றிலிருந்துதான் பயம் பிடித்தது. பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது, அவற்றைப் பற்றிய கதைகளைச் சேகரிக்கிறவன் நான். எங்கள் பக்கத்துச் சாமிகளில் பாதிப்பேர் அடித்துக் கொல்லப்பட்டவர்கள். செத்தவன் கொன்றவனுடைய குடும்பத்தை விடமாட்டான். அதனால் கொன்றவர்களே பீடம் போட்டு, அவனுக்குப் பிடித்ததைப் படைத்துக் கும்பிட்டு அடக்குவார்கள். பிடித்ததை வைக்காவிட்டால் அடங்காது. சங்க மலரில் இதைப் பற்றிக் கட்டுரையே எழுதியிருக்கிறேன். ஆனாலும் அந்தப் பெட்டியைத் துடைக்கப் போனால், கண்ணாடியின் உட்பக்கம் யாரோ மூச்சு விட்டதுபோல ஆவி படிந்திருக்கும். எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மகனுக்கு வந்த காய்ச்சல் எந்த டாக்டருக்கும் இறங்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுதில் கோடவுனிலிருந்து ஓடிவந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பெட்டிக்கு முன்னால் இலை விரித்துச் சுட்ட கருவாடும் கருப்பட்டியும் வைத்தேன். மகனுக்குக் காய்ச்சல் விட்டது. அப்புறம் ஒரு செவ்வாயும் நான் தவறவில்லை.

போன செவ்வாய் தாழ்ப்பாள் போட மறந்துவிட்டேன். கருவாட்டு வாடை அடிக்கிறதே, பூனை ஏதும் புகுந்துவிட்டதா என்று பார்க்க, மாட்டுங்காவில் வேலை முடிந்து அந்த வழியாகப் போன ஆறுமுகத்தாய் உள்ளே வந்தாள். இலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நூறு வருசத்து மனுசனுக்குக் கருவாட்டோட கருப்பெட்டிதான் புடிக்கும்னு ஒங்களுக்கு யாரு சொன்னா அண்ணாச்சி?"

நான் இலையை மடிக்கக் குனிந்தேன்.

"அடிச்சவந்தான படையல் போடுவான்" என்றாள்.

அவள் கத்தவில்லை, என்னைத் திட்டவில்லை. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். "இங்கனயா இருந்தீரு? மான்குர்த்துன்னுல்லா சொன்னாவ" என்று அவனோடு பேச ஆரம்பித்தாள். அவள் முதுகு என் பக்கம் இருந்தது.

புது அறைக்குத் தளம் போட மண் கொட்டி வைத்திருந்தார்கள். மறுநாள் கொத்தனார்கள் வந்து மேலே சிமென்ட் பூசிவிட்டுப் போனார்கள். புருசனைத் தேடி மான்குர்த்துக்குப் போய்விட்டாள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். இந்தமுறை அந்தப் பேச்சை நான் தொடங்கவில்லை.

ஸ்டேஷனுக்கு நானாக வந்து சொல்கிறேனே என்று பார்க்கிறீர்கள். மனசாட்சி அது இது என்று எழுதிவிடாதீர்கள். நேற்று என் மகனுக்கு மறுபடியும் காய்ச்சல். பூதத்தானைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது, சமாளித்தேன். இவளைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை ஐயா. இத்தனை ஞாயிறு பெருக்கினாள், என்ன சாப்பிட்டாய் என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. பேராச்சியிடம் நான் போய்க் கேட்டால் எதற்கு என்பாள். நீங்கள் கேட்டால் சொல்லுவாள். அவள் அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். நாளைக்குச் செவ்வாய்க்கிழமை.