அழித்துத் திருத்திய கண்

— அந்தத் தாளைக் கீழ வை டீச்சரம்மா. நான் தூங்கி வழிஞ்சது ஊருக்கே தெரியணுமா? நாளைக்கு ஆஸ்பத்திரி வராந்தா பூரா என் மூஞ்சியை மாட்டப்போறே. அதுல ஒரு கண்ணு மூடியிருந்தா எங்க டிரைவர் பசங்க ஒரு மாசத்துக்கு என்னை ஓட்டுவாங்க.

— நீங்க தூங்கலைங்க.

— நீதானே கிளாஸ் நடுவுல 'ஏங்க, கண்ணைத் திறங்க'ன்னு அதட்டுனே. டாக்டருக்குப் படிக்கிற பதினெட்டுப் பிள்ளைங்களும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுதுங்க.

— புத்தியில்லாம அதட்டிட்டேன். எந்திரிக்காதீங்க. அந்த ஸ்டூல்லயே உக்காருங்க.

— எல்லாரும் போயாச்சும்மா. அம்பது நிமிஷம் பொம்மை மாதிரி உக்காந்து முதுகு விட்டுப்போச்சு. அஞ்சரை வண்டி வேற இருக்கு.

— மணி நாலரைதான் ஆகுது. உங்க பஸ்ஸு ஷெட்டுல நிக்குது, ஓடிப்போகாது. தரையில வரிசையா வெச்சிருக்கேன், பாருங்க. ஒரே பொண்ணு வரைஞ்ச அஞ்சு படம். அவ்வப்போது நிறுத்திப் புதுத் தாள் எடுக்கச் சொல்வேன். கீழ மூலையில நேரம் எழுதணும், அது என் கிளாஸ் வழக்கம். இது மூணு மணிக்கு வரைஞ்சது.

— பரவாயில்லையே. மாப்பிள்ளை மாதிரி இருக்கேன்.

— மூணு பத்து.

— இதுவும் நான்தான். கொஞ்சம் கோபமா இருக்கேன்.

— மூணு இருபது. மூணு முப்பது. மூணு நாப்பது, இது கடைசி.

— இதுல மாப்பிள்ளை போய் மாமனாராயிட்டேன். சரி, போலாமா?

— விளையாடாதீங்க. இடது இமையைப் பாருங்க. முதல் படத்துல ரெண்டு கண்ணும் ஒண்ணுபோல இருக்கு. மூணாவதுல கொஞ்சம் இறங்கியிருக்கு. கடைசியில கருவிழியை முக்காவாசி மூடிடுச்சு. வலது கண்ணு அப்படியே இருக்கு. தூக்கம் வந்தா ஒரு கண்ணுக்கு மட்டுமா வரும்?

— அந்தப் பொண்ணுக்கு வரைய வரலை. அதுக்கு நான் என்ன பண்ண?

— நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா அவ ஒருத்தி இல்லைங்க. பதினோரு பேரு. கதவுப் பக்கம் உக்காந்தவங்க, ஜன்னல் பக்கம் உக்காந்தவங்க, ஒருத்தர் தாளை ஒருத்தர் பார்க்கக்கூட முடியாது. பதினோரு பேரும் சேர்ந்து ஒரே தப்பைச் செய்வாங்களா?

— மத்த படத்துல எல்லாம் கண்ணு நல்லாத்தானே இருக்கு? இதோ, இதோ. இது என்ன, இங்க மட்டும் தாள் அழுக்கா இருக்கு?

— நான் அழிச்ச இடம்.

— நீயா?

— ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் போய், 'முகத்துக்கு ரெண்டு பக்கமும் சமமா வரணும், சரியா பாரு'ன்னு சொல்லி, ரப்பரை வாங்கி நானே அழிச்சேன். நானே வரைஞ்சும் கொடுத்தேன். வரையும்போது உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. பதினாறு வருஷமா பார்க்குற மூஞ்சி, அதை நிமிர்ந்து வேற பார்க்கணுமான்னு மனசுல இருந்ததைப் போட்டேன். கல்யாணத்தப்போ இருந்த கண்ணைப் போட்டிருக்கேன்.

— அதுக்கு ஏம்மா இவ்வளவு வருத்தம்? நல்லாத்தானே போட்டிருக்கே.

— யுனிவர்சிட்டியில என்னை எதுக்குக் கூப்பிட்டாங்க? டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்க புஸ்தகத்தைப் பார்க்குது, மெஷினைப் பார்க்குது, எதிர்ல உக்காந்திருக்கிற ஆளோட மூஞ்சியைப் பார்க்க மாட்டேங்குது. படம் போடக் கத்துக்கிட்டா கண்ணு திறக்கும்னுதானே? அதுங்க பார்த்துச்சுங்க. பார்த்ததை நான் அழிச்சேன். இந்த அஞ்சையும் வரைஞ்ச கண்ணாடி போட்ட பொண்ணு மட்டும் ரப்பரைக் கொடுக்கலை. 'தெரியுறதை வரைன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க'ன்னு கேட்டா. எல்லார் முன்னாடியும், அதிகப்பிரசங்கின்னு திட்டிட்டேன்.

— பாவம். நாளைக்குப் பார்த்து ரெண்டு நல்ல வார்த்தை சொல்லிடு.

— நாளைக்கு வரைக்கும் அவ விடலைங்க. நீங்க டீ குடிக்கப் போன நேரத்துல திரும்பி வந்தா. கையில இந்த அஞ்சு தாளையும் வெச்சுக்கிட்டு, கதவுகிட்ட நின்னு, 'மேடம், சார் உங்க வீட்டுக்காரரா'ன்னு கேட்டா. ஆமான்னேன். உக்காரச் சொல்லியும் உக்காரலை, நின்னபடியே ஒவ்வொண்ணா கேட்டா.

— என்ன கேட்டா?

— சாப்பிட ரொம்ப நேரமாகுதா, மெல்லும்போது நடுவுல தாடையைக் கையில தாங்கிக்கிறாரான்னு கேட்டா.

— சூடா இருந்தா எல்லாரும் மெதுவாத்தான் சாப்பிடுவாங்க.

— சாயங்காலம் பேச்சு மூக்கால வர்ற மாதிரி இருக்கான்னு கேட்டா. ஜலதோஷம், ஒரு மாசமா விடலைன்னு சொன்னேன். சொல்லும்போதே எனக்கு உறைச்சுது. ஒரு மாசமா உங்களுக்குக் கஷாயம் வெச்சுக் கொடுக்குறேன். ஒரு தும்மல்கூட நான் கேட்கலையே.

— படிக்கிற பொண்ணு. நேத்துப் படிச்ச நோயெல்லாம் இன்னைக்கு எதிர்ல வர்றவங்களுக்கு இருக்கிற மாதிரிதான் தோணும்.

— அவளே அதைச் சொன்னா. 'நான் டாக்டர் இல்லை மேடம், தப்பாவும் இருக்கலாம், ஆனா இன்னைக்கே காட்டுங்க'ன்னா. தசை சீக்கிரமா சோர்ந்துபோற நோயா இருக்கலாமாம். மருந்து இருக்காம். ஆனா விழுங்குறதுலயோ மூச்சு விடுறதுலயோ வந்துட்டா காத்திருக்கக் கூடாதாம். மூணாவதா ஒண்ணு கேட்டா. எனக்குப் பதில் தெரியலை. உங்களைக் கேக்கணும்.

— வண்டிக்கு நேரமாச்சு.

— எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதா உங்களுக்கு?

— நாப்பது பிள்ளைங்க ஸ்டாப்புல நிக்கும். பேசுறதை வீட்டுல வந்து பேசிக்கலாம்.

— என் கையில எத்தனை பென்சில் இருக்கு?

— இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு.

— சொல்லுங்க.

— ஒண்ணு.

— இடது கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றீங்க. நான் உங்களைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். இப்போவாவது பார்க்குறேன். ரெண்டையும் திறங்க. இமையை நானே தூக்கிப் பிடிக்கிறேன். இப்போ சொல்லுங்க.

— விடும்மா.

— எத்தனைங்க?

— ரெண்டு.

— ஐயோ. எத்தனை நாளா இப்படி?

— மழை ஆரம்பிச்ச நாள்லேருந்து. முதல்ல சாயங்காலம் மட்டும்தான். எதிர்ல ஒரு லாரி வந்தா ரெண்டு வரும். கண்ணு டாக்டர்கிட்ட போனேன், காலையில. போர்டுல இருந்த எழுத்தெல்லாம் கடைசி வரி வரைக்கும் படிச்சேன். கண்ணு கழுகு மாதிரி இருக்குன்னு முதுகைத் தட்டி அனுப்பிட்டாரு. அப்புறம் ஒரு கண்ணை இடுக்கிக்கிட்டா சரியாயிடும்னு நானே கண்டுபிடிச்சேன்.

— ஒரு கண்ணை மூடிக்கிட்டு பஸ் ஓட்டுனீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம?

— சொன்னா நீ என்ன பண்ணுவே? இப்போ பண்றதைத்தான் பண்ணுவே. எனக்கு ஸ்டீயரிங்கைத் தவிர வேற என்ன பிடிக்கத் தெரியும்? நீ படம் போடுறே. காகிதம் தீர்ந்தா சுவத்துல போடுவே. டிரைவருக்குக் கண்ணு போனா அவன் யாரு?

— என் புருஷன். கொடுங்க சாவியை.

— எதுக்கு?

— அஞ்சரை வண்டியை வேற யாராவது எடுக்கட்டும். நீங்க என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றீங்க. எதிர்த்த கட்டடம்தான், நடந்தே போகலாம். அந்தப் பொண்ணு அங்க போய் யாரோ பெரிய டாக்டரைக் காத்திருக்கச் சொல்லிட்டா. சாவியைக் கொடுங்க. நான் கத்த மாட்டேன், அழ மாட்டேன். சாவி மட்டும் கொடுங்க.

— சாவி இல்லைம்மா.

— பாக்கெட்டைக் காட்டுங்க.

— பாரு. எல்லாத்தையும் பாரு. ஷெட்டுல சூப்பர்வைசர் மேஜை மேல வெச்சுட்டு வந்துட்டேன்.

— எப்போ?

— காலையில. பத்தரை இருக்கும்.

— பத்தரைக்கா? அப்போ அஞ்சரை வண்டின்னு இவ்வளவு நேரமா என்கிட்ட...

— வேற ஆளு எடுக்கிறான். நீ அந்தத் தாளையெல்லாம் பரப்பினதும், இங்கேருந்து எந்திரிச்சுப் போகணும்னு ஒரு சாக்கு சொன்னேன்.

— இன்னைக்குப் படத்துக்கு உக்கார வேண்டிய தோட்டக்காரர் வரலைன்னு நான் போன் பண்ணப்போ, டிரிப்பு இல்லை, நானே வந்து உக்கார்றேன்னு சொன்னீங்களே.

— அப்போ ஷெட்டுக்குப் பின்னாடி ஒரு மரத்தடியில உக்காந்திருந்தேன். ரெண்டு மணி நேரமா. எங்க போறதுன்னு தெரியலை. உன் குரலைக் கேட்டதும் நீ இருக்கிற ரூம்ல வந்து உக்காரணும்போல இருந்துச்சு. பேச வேண்டாம், அசைய வேண்டாம், சும்மா உக்காந்தா போதும்னா யாரு விடுவா?

— கையைக் கொடுங்க. ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு? காலையில என்ன நடந்துச்சு?

— ஒண்ணும் ஆகலை. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அதை முதல்ல கேட்டுக்கோ.

— சொல்லுங்க.

— மூணாவது டிரிப்பு. லைப்ரரி திருப்பம். ரெண்டு பொண்ணுங்க ரோட்டுல வந்துச்சுங்க. ரெண்டு பேரும் பச்சைக் குடை. ஒருத்தி ஓரமா வர்றா, ஒருத்தி நட்டநடு ரோட்டுல வர்றா. கண்ணை இடுக்கிப் பார்க்கக்கூட நேரமில்லை. நடு ரோட்டுல வர்றவ மேல ஏறிடக் கூடாதேன்னு ஓரமா ஒடிச்சேன்.

— ஓரமா வந்தவ?

— குடை பஸ்ஸுல மாட்டிக் கிழிஞ்சுது. அவ விழுந்தா. பிரேக் பிடிச்சு நிறுத்தி இறங்கி ஓடுனேன். முழங்கையைத் தேய்ச்சுக்கிட்டு எந்திரிச்சா, வேற காயம் இல்லை. ஆனா நடு ரோட்டுல வந்தவளைக் காணோம்மா.

— அடக் கடவுளே.

— ரோட்டுல படுத்து, நாலு சக்கரத்துக்கு அடியிலயும் கையை விட்டுத் தேடுறேன். பஸ்ஸுல இருந்த பிள்ளைங்க எல்லாம் எட்டிப் பார்க்குது. அந்தப் பொண்ணு வந்து என் தோளைத் தொட்டு, 'அண்ணா, யாரைத் தேடுறீங்க? நான் ஒருத்திதானே வந்தேன்'னு கேட்டா.